ஹிஸ்டாஸ்பஸ் கண்ட கனவு யாருடையது? ரோம் காலத்து யூத, பாரசீக யுகமுடிவு வாக்குகள் பற்றி ஓர் இழை

கீழைக்காற்று எழுதியது:

கி.பி. 150களில் ரோம் நகரில் இருந்துகொண்டு ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் பேரரசருக்கு நீண்ட மனு ஒன்று எழுதுகிறார். அதன் நடுவே ஒரு செய்தி வருகிறது. ஹிஸ்டாஸ்பஸ், சிபில், தீர்க்கதரிசிகள் இவர்களுடைய நூல்களைப் படித்தால் மரண தண்டனை என்று வைத்திருக்கிறார்கள், ஆனாலும் நாங்கள் பயமில்லாமல் படிக்கிறோம், உங்களுக்கும் படிக்கத் தருகிறோம் என்கிறார். தீர்க்கதரிசிகள் என்றால் ஏசாயா, எரேமியா வரிசை. சிபில் என்பவள் கிரேக்க, ரோம உலகத்தில் பரவசம் வந்து குறி சொன்ன மூதாட்டி. மிச்சமிருக்கும் ஹிஸ்டாஸ்பஸ் யார் என்பதற்காகத்தான் இந்த இழை.

பாரசீகரின் பழைய சமயத்தைத் தொடங்கிய ஜரதுஷ்டிரரை ஏற்றுக்கொண்டு ஆதரித்த அரசன் விஷ்டாஸ்பன். கிரேக்கர் வாயில் அவன் ஹிஸ்டாஸ்பஸ் ஆனான். அவன் பெயரைப் போட்டு ஒரு தீர்க்கதரிசன நூல் கிரேக்கத்தில் புழங்கியது. இன்று அதன் ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. ஜஸ்டின் சொன்ன ஓரிரு வரி, அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் சொன்ன ஒரு துணுக்கு, அப்புறம் லாக்டான்ஷியஸ். இந்த லாக்டான்ஷியஸ் வட ஆப்பிரிக்காக்காரர், டயோக்லீஷியன் ஆண்ட நிக்கோமீடியாவில் இலத்தீன் பேச்சுக்கலை ஆசிரியர். 303இல் கிறிஸ்தவர்களை வேட்டையாடுவது தொடங்கியதையொட்டி அவர் எழுதிய பெரிய நூலின் ஏழாம் பாகத்தின் பின்பாதி உலக முடிவு பற்றியது. அதில் சொல்கிறார்: ஹிஸ்டாஸ்பஸ் மிகப் பழைய மேதிய (இன்றைய வடமேற்கு ஈரான்) அரசன், அவன் ஒரு கனவு கண்டான், அருள்வந்த ஒரு சிறுவன் அதற்குப் பொருள் சொன்னான், ரோம ஆட்சியும் ரோம் என்ற பெயரும் உலகத்திலிருந்தே எடுபட்டுப் போகும் என்பதுதான் அந்தப் பொருள், அதுவும் ட்ராய் இனம் தோன்றுவதற்கு முன்பே சொல்லப்பட்டது.

இன்னொரு இடத்தில் ஹிஸ்டாஸ்பஸ் சொன்னதாக இப்படி வருகிறது: கடைசிக் காலத்தில் நல்லவர்கள் தீயவர்களை விட்டுப் பிரிந்து போய், அழுதுகொண்டே வானத்தை நோக்கிக் கை நீட்டி ஜூபிடரிடம் முறையிடுவார்கள், ஜூபிடர் பூமியைப் பார்ப்பான், மனிதர் குரலைக் கேட்பான், தீயவர்களை அழிப்பான். லாக்டான்ஷியஸ் இதில் ஒரே ஒரு திருத்தம் செய்கிறார். எல்லாம் உண்மை, கடவுள் செய்யப்போவதை ஜூபிடர் செய்வான் என்றது மட்டும் தவறு என்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களைப் பைபிளுக்கு அடிக்குறிப்பாக மட்டும் படிக்கிறோம், அது பெரிய இழப்பு. அலெக்சாந்தர் கி.மு. 330இல் பெர்செபோலிஸை எரித்ததோடு பாரசீகர் அரசை இழந்தார்கள். யூதர் அதற்கு முன்பே இழந்துவிட்டார்கள். இரண்டு மக்களும் ஆள்பவனின் மொழியிலேயே, அவன் மரியாதை வைத்திருந்த பழம்பெயர்களின் வாயால், உன் ஆட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அவனிடமே சொன்னார்கள். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதைவிட இந்தப் பொதுவான துணிச்சல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மணல்மேடு எழுதியது:

நல்ல தொடக்கம் நண்பரே, ஆனால் ஒரு அடிப்படைச் சிக்கலைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஜரதுஷ்டிரர்களின் யுகமுடிவு என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பஹ்லவி என்ற நடுப்பாரசீக மொழி நூல்களிலிருந்து வருவது. பூந்தஹிஷ்ன், பஹ்மன் யஷ்த் இரண்டும் இன்றைய வடிவில் கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டியோ அதற்குப் பிறகோ, இஸ்லாமிய ஆட்சியின் கீழ் எழுதப்பட்டவை. பஹ்மன் யஷ்தில் ஜரதுஷ்டிரர் நான்கு கிளையுள்ள ஒரு மரத்தைக் காண்கிறார், பொன், வெள்ளி, எஃகு, கடைசியாக இரும்பு கலந்தது. பைபிளின் தானியேல் புத்தகத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் காணும் சிலையும் பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால் என்றுதான் போகிறது. உடனே பாரசீகத்திலிருந்து யூதர் எடுத்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எஃகுக் கிளை யார் தெரியுமா? குஸ்ரோ அனுஷிர்வான், கி.பி. 6ஆம் நூற்றாண்டு அரசன். தானியேல் புத்தகம் இன்றைய வடிவத்தை அடைந்தது கி.மு. 165ஐ ஒட்டி. எழுநூறு ஆண்டு பின்னால் வந்ததை வைத்து முன்னால் வந்ததை எப்படி விளக்குவது? அதோடு ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞர் தானியேலுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் முன்னாலேயே பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று மனித இனங்களை வரிசைப்படுத்திவிட்டார், நடுவில் வீரர்களின் காலத்தையும் செருகி. கடன் என்றால் கிரேக்கக் கடனாகவும் இருக்கலாமே.

கீழைக்காற்று எழுதியது:

மணல்மேடு சார், காலக்கணிப்பைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நமக்குப் பஹ்லவி நூல்களை மட்டும் நம்பி நிற்க வேண்டிய தேவை இல்லை. கிரேக்கர்களே சாட்சி. தியோபோம்பஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர், யூதர் கிரேக்க அரசை எதிர்த்து எழுந்த மக்கபேயர் கலகத்துக்கு 150 ஆண்டுக்கு மேல் முந்தியவர். பாரசீகரின் மாகி குருமார்கள் சொல்வதாக அவர் எழுதியதைப் புளூடார்க் என்ற பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் எடுத்துத் தருகிறார்: 3000 ஆண்டு ஒரு தெய்வம் ஆளும் மற்றது அடங்கியிருக்கும், அடுத்த 3000 ஆண்டு இரண்டும் போரிட்டு ஒன்றன் வேலையை மற்றது அழிக்கும், கடைசியில் பாதாளம் தோற்றுப்போகும், மனிதர் மகிழ்ச்சியாக இருப்பார்கள், அவர்களுக்கு உணவு தேவைப்படாது, நிழலும் விழாது. அதே பகுதியில் புளூடார்க் இன்னொன்றும் சொல்கிறார்: தீய தெய்வமான அரிமானியோஸ் அழிந்தபின் பூமி மேடு பள்ளமில்லாமல் சமமாகும், எல்லா மனிதர்க்கும் ஒரே வாழ்வு, ஒரே அரசு, ஒரே மொழி. மாகிகளின் கணக்குப்படி மனிதர் மறுபடி உயிர்பெற்று சாகாதவர்களாவார்கள் என்று தியோபோம்பஸ் சொன்னதாக டயோஜெனிஸ் லயேர்ஷியஸும் எழுதியிருக்கிறார்.

ஆக, தெய்வங்களின் போர், கணக்கிட்ட காலம், தீமையின் முடிவு, இறந்தவர் எழுவது. இத்தனையும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிரேக்கன் காதுக்கு எட்டியிருக்கிறது. ஜரதுஷ்டிரர்களின் மறைநூலான அவெஸ்தாவிலேயே 19ஆம் யஷ்தில் (துதிப்பாடல்) கசாவோய ஏரியிலிருந்து மீட்பர் எழுவார், இறந்தவர் எழுவார், உலகம் மூப்பில்லாததாகும் என்று இருக்கிறது. அது பஹ்லவி இல்லை, அதைவிட மிகப் பழைய மொழி. 9ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்கள் என்பதற்காக 9ஆம் நூற்றாண்டில் கற்பனை செய்தார்கள் என்று ஆகாது. குருமார்கள் மனப்பாடமாகச் சுமந்து வந்த மரபு அது. எஃகுக் கிளைக்குக் குஸ்ரோ பெயரை ஒட்டியதும் அப்படித்தான், பழைய பட்டியலில் புதிய அரசனைச் சேர்ப்பது இந்த வகை நூல்களில் எல்லா இடத்திலும் நடக்கிறது.

புதுவாசகன் எழுதியது:

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. ஹைடாஸ்பஸ் என்ற ஆறு, போரஸ் அலெக்சாந்தரோடு சண்டை போட்ட இடம், அதற்கும் இந்த ஹிஸ்டாஸ்பஸுக்கும் தொடர்பு உண்டா?

கீழைக்காற்று எழுதியது:

தம்பி, லாக்டான்ஷியஸ் அப்படித்தான் நம்பினார், அந்த அரசன் பெயரால்தான் ஆற்றுக்கு அந்தப் பெயர் என்கிறார். நாம் ஜீலம் என்று சொல்லும் ஆற்றுக்குக் கிரேக்கர் ஹைடாஸ்பஸ் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அது பழைய விதஸ்தா என்ற பெயர் மருவியது, விஷ்டாஸ்பனோடு சம்பந்தமில்லை. ரோமர்களுக்குக் கிழக்கு என்பது மேதியா, பாரசீகம், இந்தியா எல்லாம் கலந்த ஒரே பெரிய நிலம்.

திருமறைவாசகி எழுதியது:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். தானியேல் புத்தகம் எனக்கு வழிபாட்டு நூல், அதை யார் எப்போது எழுதினார்கள் என்ற ஆராய்ச்சி என் நம்பிக்கையைக் குலைப்பதில்லை. போர்ஃபிரி என்ற கிரேக்க அறிஞர் 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்களை எதிர்த்து எழுதும்போது சொல்லிவிட்டார்: இந்நூல் பாபிலோன் காலத்தது இல்லை, யூதரை ஒடுக்கிய சிரியாவின் கிரேக்க அரசன் அந்தியோக்கு எப்பிபானஸ் காலத்தில் யூதேயாவில் எழுதப்பட்டது, அந்தியோக்கு வரைக்கும் சொன்னது வரலாறு, அதற்கப்பால் சொன்னது நடக்கவில்லை. அந்தியோக்கு கடலுக்கும் புனித மலைக்கும் நடுவில் முடிவடைவான் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது, அவன் இறந்ததோ கி.மு. 164இல் பாரசீகப் பக்கத்தில். இன்று பல திருச்சபைகளின் அறிஞர்களும் இந்தக் காலக்கணிப்பை ஏற்கிறார்கள்.

ஆனால் உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்த சரக்கு என்று சொல்லும்போது எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. கி.மு. 167இல் என்ன நடந்தது என்று பாருங்கள். விருத்தசேதனம் செய்தால் மரணம், ஓய்வுநாள் அனுசரித்தால் மரணம், ஆலயத்துக்குள் அந்நிய பலிபீடம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு மகன்களும் ஒருவர் பின் ஒருவராகச் சித்திரவதைக்குப் போகிறார்கள், என் கைகளைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்று ஒரு மகன் கையை நீட்டுகிறான். அதுவரை இஸ்ரயேலில் நல்லவனுக்கு நீண்ட ஆயுள், பிள்ளைகள், நிலம் என்பதுதான் பலன். நல்லவனாக இருந்ததற்காகவே ஒருவனைக் கொன்றுபோட்டால் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. அங்கேதான் தானியேல் 12ஆம் அதிகாரம் வருகிறது, மண்ணில் உறங்குவோர் பலர் விழித்தெழுவர் என்று. இந்த விடை அந்த வேதனைக்குள்ளிருந்தே பிறந்தது. எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு அதற்கு நானூறு ஆண்டு முன்னாலேயே அவர்களிடம் இருந்தது.

இன்னொன்று. பாரசீகர் யூதருக்கு அறிமுகமானது எதிரியாக இல்லை. ஏசாயா 45ஆம் அதிகாரம் சைரசைக் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்றே அழைக்கிறது. வேறெந்த அந்நிய அரசனுக்கும் அந்தப் பட்டம் பைபிளில் கிடையாது. அதே அதிகாரத்தில், ஒளியை உருவாக்கியவன் நான், இருளைப் படைத்தவனும் நான் என்று கடவுள் சொல்கிறார். சைரசை ஏற்றார்கள், ஆனால் இரண்டு தெய்வம் என்ற எண்ணத்துக்குக் கதவைத் திறக்கவில்லை.

செம்புக்காசு எழுதியது:

அக்கா, எலும்புகளின் காட்சி சிதறிய நாடு மறுபடி கூடும் என்பதற்கான உருவகம் என்று அந்த அதிகாரமே விளக்கம் சொல்லிவிடுகிறதே, தனி மனிதர் உயிர்த்தெழுவதாக அதைப் படிக்கத் தொடங்கியது பின்னால்தான். அது இருக்கட்டும், தாயும் ஏழு மகன்களும் பற்றி நீங்கள் சொன்னது சரியான இடம்.

நான் சொல்ல வந்தது நான்கு அரசுகள் பற்றி. தானியேலில் வரிசை பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம். இதில் மேதியா எதற்கு? மேதியர் யூதேயாவை ஒருநாளும் ஆண்டதில்லை. பாபிலோனைப் பிடித்ததும் மேதியரில்லை, சைரஸ், கி.மு. 539. ஆனாலும் மேதியனான தரியு என்று வரலாற்றில் இல்லாத ஓர் அரசனைக் கொண்டுவந்து இடத்தை நிரப்புகிறார்கள். காரணம் இந்த வரிசை ஏற்கெனவே தயாராக இருந்தது. அசீரியா, மேதியா, பாரசீகம் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார், அந்த வரிசை பொருந்துவது ஈரானில் இருப்பவனுக்குத்தான். அலெக்சாந்தருக்குப் பிறகு நான்காவதாக மாசிடோனியா சேர்ந்தது, ஐந்தாவது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தது. யூதர் அசீரியாவை எடுத்துவிட்டுத் தங்கள் ஆலயத்தை இடித்த பாபிலோனை வைத்துக்கொண்டார்கள், மேதியா அப்படியே தங்கிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ரோமர்கள் செய்தது. எமிலியஸ் சூரா என்ற ரோமர் அதே வரிசையை எடுத்து, அசீரியர், மேதியர், பாரசீகர், மாசிடோனியர் எல்லாம் போய் இப்போது உலக ஆட்சி ரோமானியரிடம் வந்துவிட்டது என்று எழுதினார். அதாவது ஐந்தாவது நாங்கள்தான் என்று பதில். கிழக்கில் இருப்பவன் ரோமை நான்காவதாகவோ, நான்கோடு ஒட்டிய வாலாகவோ எண்ணிக் காத்திருந்தான். ரோமர் எருசலேமை அழித்த கி.பி. 70க்குப் பின் எழுதிய எஸ்ராவின் தரிசனத்தில் கடலிலிருந்து எழும் கழுகு, தானியேல் கண்ட நான்காம் அரசு என்று வெளிப்படையாகவே வருகிறது. ஜோசஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் தானியேலின் கதையைச் சொல்லி வரும்போது சிலையை நொறுக்கும் கல்லின் இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்கிறார். நடந்ததை எழுதுவது என் வேலை, நடக்கப்போவதை இல்லை, தெரிந்துகொள்ள விரும்புபவர் தானியேலைப் படித்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறார். ரோமப் பேரரசர் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தவர் அவர். அந்தக் கல் யார் தலைமேல் விழும் என்று தெரியாமலா நிறுத்தினார்?

புதுவாசகன் எழுதியது:

இத்தனை பெரிய பேரரசு ஒரு கவிதைக்கும் கனவுக்கும் பயந்ததா? மரண தண்டனை வரைக்கும் ஏன்?

ஆழித்துரும்பு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரோமர்கள் தீர்க்கதரிசனத்தை நம்பினார்கள், அதனால்தான் பயந்தார்கள். அவர்களிடமே சிபில் நூல்கள் இருந்தன. ஒரு கிழவி ஒன்பது நூல்களோடு தார்குவின் அரசனிடம் வந்து விலை சொன்னாள், அவன் மறுத்தான், மூன்றை எரித்துவிட்டு மிச்சத்துக்கும் அதே விலை கேட்டாள், மறுபடி மூன்றை எரித்தாள், கடைசியில் மூன்றை முழு விலைக்கு வாங்கினான் என்பது கதை. அந்த நூல்கள் கேப்பிடோல் குன்றின் ஜூபிடர் கோயிலுக்கடியில் இருந்தன. பஞ்சம், கொள்ளைநோய், தோல்வி என்று வந்தால் செனட் உத்தரவு போடும், பதினைந்து பேர் கொண்ட குழு எடுத்துப் பார்க்கும். வேறு யாரும் தொடக்கூடாது. கி.மு. 83இல் கோயில் தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. கி.மு. 76இல் எரித்ரே முதலிய ஊர்களுக்கு ஆள் அனுப்பி ஏறக்குறைய ஆயிரம் வரிகள் திரட்டிக் கொண்டுவந்தார்கள். அகஸ்டஸ் கி.மு. 12இல் தலைமைக் குருவானதும் செய்த வேலைகளில் ஒன்று, ஊரில் புழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிநூல்களைச் சேகரித்து எரித்தது. சிபில் நூல்களை மட்டும் அதிலும் பொறுக்கி எடுத்து பாலட்டைன் குன்றில் அப்பொல்லோ கோயிலில் வைத்தார். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமை அரசுக்கு மட்டும் என்பதுதான் அதன் பொருள்.

இப்போது வெளியே என்ன நடந்தது பாருங்கள். அதே சிபிலின் பெயரில், அதே கிரேக்க யாப்பில், எகிப்தில் இருந்த யூதர்கள் எழுதத் தொடங்கினார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் சிபில் தொகுப்பில் மூன்றாம் பாகத்தின் பெரும்பகுதி கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அதில் சிபில் தன்னை நோவாவின் மருமகள் என்கிறாள், பாபிலோனிலிருந்து வந்ததாகச் சொல்கிறாள். ரோம் ஆசியாவிடமிருந்து எவ்வளவு கப்பம் வாங்கியதோ அதைப்போல மூன்று மடங்கு ஆசியா திரும்பப் பெறும் என்று ஒரு பகுதி சொல்கிறது. நான்காம் பாகத்தின் இன்றைய வடிவம் கி.பி. 80ஐ ஒட்டியது, வெசுவியஸ் எரிமலை 79இல் வெடித்ததை எருசலேமை அழித்ததற்கான தண்டனை என்று சொல்லி, கடைசியில் உலகம் முழுக்கத் தீ, அப்புறம் எலும்பும் சாம்பலும் மறுபடி மனிதராவது என்று முடிகிறது.

அரசியலில் இது நேரடியாக இறங்கிய இடமும் உண்டு. 66இல் யூதப் போர் வெடித்ததற்கு மற்ற எல்லாவற்றையும்விட மக்களைத் தூண்டியது, அந்த நாட்டிலிருந்து ஒருவன் உலகை ஆள்வான் என்ற இரட்டைப் பொருள் கொண்ட ஒரு வாக்கு என்று ஜோசஃபஸ் எழுதுகிறார். டாசிட்டஸும் சுவட்டோனியஸும் அதையே சொல்கிறார்கள். 67இல் ஜோடபாட்டாவில் பிடிபட்ட ஜோசஃபஸ், அந்த ஆள் நீங்கள்தான் என்று ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் சொல்லி உயிர் தப்பினார். 69இல் வெஸ்பாசியன் பேரரசரானார். ஒரே வாக்கு, ஒரு பக்கம் கலகம், மறுபக்கம் அரியணை.

நீரோ விஷயம் இன்னும் விசித்திரம். 68இல் செத்த நீரோ சாகவில்லை, யூப்ரடிஸ் தாண்டி ஈரானை ஆண்ட பார்த்தியர்களிடம் ஓடிவிட்டான், பெரும் படையோடு திரும்புவான் என்ற பேச்சு பரவியது. 69இலிருந்து 88 வரை போலி நீரோக்கள் கிளம்பினார்கள், அதில் ஒருவனுக்காகப் பார்த்தியர்கள் ரோமோடு போருக்கே தயாரானார்கள். சிபில் நான்கு, ஐந்து பாகங்களில் இந்த நீரோ வருகிறான். யோவானின் திருவெளிப்பாட்டில் கிழக்கிலிருந்து அரசர்கள் வர யூப்ரடிஸ் வற்றிப்போவதும் இதே அச்சம் பரவியிருந்த உலகத்தில் எழுதப்பட்டதுதான்.

மணல்மேடு எழுதியது:

ஆழித்துரும்பு சொன்னதிலிருந்தே என் கேள்வி பலப்படுகிறது. சிபில் பெயரில் யூதர் எழுதினார்கள் என்றால், ஹிஸ்டாஸ்பஸ் பெயரிலும் யூதரே எழுதியிருக்கலாமே? தாவீத் ஃப்ளுஸ்ஸர் என்ற எருசலேம் அறிஞர் இதைத்தான் வாதிட்டார். லாக்டான்ஷியஸில் வரும் காட்சிகளைப் பாருங்கள். ஒரு பெரிய தீர்க்கதரிசி வருகிறார், சிரியாவிலிருந்து தீய ஆவிக்குப் பிறந்த ஓர் அரசன் எழுந்து அவரைக் கொல்கிறான், அவர் மூன்றாம் நாள் எழுகிறார், அரசன் நல்லவர்களை ஒரு மலையில் வளைத்துக்கொள்கிறான், அவர்கள் கூக்குரலிட மீட்பு வானத்திலிருந்து வருகிறது. இது யூத, கிறிஸ்தவக் காட்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஜூபிடர் என்ற பெயர் வேடத்துக்காக. பழைய கிழக்கத்திய அரசன் வாயால் பேசும்போது யாவே என்று போட முடியுமா?

கீழைக்காற்று எழுதியது:

மூன்றாம் நாள் எழும் தீர்க்கதரிசி கிறிஸ்தவக் கை பட்ட இடம், லாக்டான்ஷியஸ் பல ஊற்றுகளைக் கலந்து எழுதுகிறார். அவர் ஹிஸ்டாஸ்பஸ் பெயரைச் சொல்லித் தரும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம். நல்லவர் தீயவரை விட்டுப் பிரிவது, வானத்தை நோக்கிக் கை நீட்டி முறையிடுவது, வானத்து தெய்வம் பார்ப்பது. கிரேக்க நூலில் அங்கே ஜூபிடருக்குப் பதில் ஸீயஸ் என்று இருந்திருக்கும். கிரேக்க உலகத்தில் ஜரதுஷ்டிர சமயத்தின் உயர்ந்த தெய்வமான அஹுரா மஸ்தாவுக்கு ஸீயஸ் என்பதுதான் வழக்கமான பெயர். நெம்ருத் மலை உச்சியில் கொம்மகேனே அரசன் முதலாம் அந்தியோக்கு கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வைத்த பெரிய சிலைக்குப் பெயரே ஸீயஸ் ஓரோமாஸ்டஸ், அதாவது அஹுரா மஸ்தா. அந்த வட்டாரத்தில், கப்படோக்கியாவில் மாகிகள் அணையாத தீ வளர்த்து தினமும் ஓதுவதைத் தன் காலத்தில் பார்க்கலாம் என்று ஸ்டிராபோ எழுதுகிறார். ஃபிரான்ஸ் குமோன் இந்த அனடோலிய மாகிகள்தான் ஹிஸ்டாஸ்பஸ் நூலுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றார், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். லாக்டான்ஷியஸ் கடைசிக் காலத்தில் ஆண்டு குறுகும், மாதம் சுருங்கும், நாள் சிறுத்துப்போகும் என்கிறார். பஹ்மன் யஷ்திலும் ஆண்டும் மாதமும் நாளும் குறுகும், சூரியன் மங்கும். லாக்டான்ஷியஸில் எல்லாரும் தெய்வீகத் தீயில் சோதிக்கப்படுகிறார்கள், முழு நீதிமான்களுக்கு அந்தத் தீ சுடாது. பூந்தஹிஷ்னில் மலைகளின் உலோகமெல்லாம் உருகி ஆறாக ஓடும், எல்லா மனிதரும் அதைக் கடக்க வேண்டும், நல்லவனுக்கு அது வெதுவெதுப்பான பால் போல இருக்கும், தீயவனுக்கு உருகிய உலோகமாகவே இருக்கும். உருகிய உலோகத்தால் சோதிப்பது ஜரதுஷ்டிரருடைய காதைகள் என்ற பழம்பாடல்களிலேயே இருக்கிறது, அது 9ஆம் நூற்றாண்டுக் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது.

திருமறைவாசகி எழுதியது:

நீங்கள் பால் போன்ற உலோகத்தைச் சொன்னதால் கேட்கிறேன், அதற்கப்புறம் தீயவர்கள் என்ன ஆகிறார்கள்?

கீழைக்காற்று எழுதியது:

அக்கா, அந்த இடம் என்னை மிகவும் பாதித்த இடம். அவர்களும் ஆற்றிலிருந்து வெளியே வருகிறார்கள். மூன்று நாள் தண்டனை, அதன்பின் உலோகம் அவர்களைச் சுத்தப்படுத்திவிடுகிறது. தந்தை, மகன், சகோதரன், நண்பன் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, இத்தனை காலம் எங்கே இருந்தாய், உன் ஆன்மாவுக்கு என்ன தீர்ப்பு வந்தது என்று கேட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் நரகமே சுத்தமாக்கப்பட்டு உலகத்தோடு சேர்க்கப்படுகிறது. மனிதர் யாரும் நிரந்தரமாகத் தொலைவதில்லை. தானியேல் 12இல் சிலர் நித்திய நிந்தைக்கு எழுகிறார்கள், திருவெளிப்பாட்டில் நெருப்புக் கடல் அணைவதே இல்லை. கடன் வாங்கியிருந்தாலும் இந்த ஒன்றை வாங்கவில்லை. கிரேக்க வேடத்தில் வந்த ஹிஸ்டாஸ்பஸிலும் இது காணோம், அங்கே தீயவர்கள் அழிகிறார்கள் அவ்வளவுதான். பேரரசின் காலடியில் இருப்பவன் எழுதிய வாக்கில் அந்த இரக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

திருமறைவாசகி எழுதியது:

ஓரிகன் போன்ற சில பழைய திருச்சபை ஆசிரியர்கள் எல்லாரும் கடைசியில் மீட்கப்படலாம் என்ற திசையில் எண்ணினார்கள், பின்னால் அது மறுக்கப்பட்டது. அவர்கள் பாரசீகத்திலிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல வழியில்லை, பவுலின் கடிதங்களைப் படித்தே அங்கே போனார்கள். ஆனாலும் நீங்கள் சொன்ன அந்தக் காட்சி, தந்தையும் மகனும் கேட்டுக்கொள்வது, அதை மறக்க முடியாது.

செம்புக்காசு எழுதியது:

சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் வாழ்ந்த யூதக் குழுவை யாரும் தொடவில்லையே! 1947இல் சாக்கடல் குகைகளில் கிடைத்த முதல் சுருள்களில் ஒன்றான சமூக ஒழுங்குச் சுருளில் இரண்டு ஆவிகள் பற்றிய பாடம் இருக்கிறது. உண்மையின் ஆவி, பொய்யின் ஆவி, ஒளியின் தலைவன், இருளின் தூதன், மனிதர் இரண்டு பங்காகப் பிரிந்து நடப்பது. காதைகளில் வரும் இரட்டை ஆவிகளை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் தொடர்பே இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனால் கும்ரான்காரர்கள் முதல் வரியிலேயே வேலியைப் போட்டுவிடுகிறார்கள், இரண்டு ஆவிகளையும் படைத்தவர் ஒரே கடவுள் என்று. திருமறைவாசகி அக்கா சொன்ன ஏசாயா 45 அங்கே அப்படியே நிற்கிறது. போர்ச் சுருளில் ஒளியின் மக்களும் இருளின் மக்களும் ஏழு சுற்று மோதுகிறார்கள், மூன்று இவர்களுக்கு, மூன்று அவர்களுக்கு, ஏழாவதில் கடவுள் கை நீட்டுகிறார். எதிரியின் பெயர் கித்தீம், அதாவது ரோமர். அகஸ்டஸ் எரித்ததெல்லாம் அவர் கைக்கு எட்டியது மட்டும்தான்.

மணல்மேடு எழுதியது:

தொடர்பே இல்லை என்று நானும் சொல்லவில்லை. இருநூறு ஆண்டு பாரசீக ஆட்சியில் இருந்தவர்கள் காதில் ஒன்றும் விழாமல் இருந்திருக்காது. யூதர் பாரசீகரிடம் நிறையக் கடன் பெற்றார்கள் என்று சொல்லும் மேரி பாய்ஸ் போன்ற அறிஞர்கள் போகும் தூரத்துக்கு என்னால் போக முடியாது என்பதுதான் என் நிலை. இரண்டு மக்களும் தோள் சேர்த்து ரோமை எதிர்த்தார்கள் என்ற சித்திரத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. யூதர் பக்கத்தில் அந்த எதிர்பார்ப்பு இருந்தது உண்மை. கி.மு. 40இல் பார்த்தியர்கள் எருசலேமுக்குள் வந்து ஆன்டிகோனஸ் என்ற யூத இளவரசனை அரசனாக்கினார்கள். இஸ்ரயேல் நாட்டுக் கல்லறைகளில் பாரசீகக் குதிரை கட்டியிருப்பதைப் பார்த்தால் மெசியாவை எதிர்பார் என்று ரபி ஷிமோன் பார் யோகாயின் வாக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் மறுபக்கம்? 3ஆம் நூற்றாண்டில், பார்த்தியருக்குப் பின் ஈரானை ஆண்ட சாசானிய அரசின் தலைமைக் குருவான கார்திர், யூதர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் எல்லாரையும் நாட்டில் அடித்து ஒடுக்கியதாக நக்ஷ்-இ ருஸ்தமில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அதே ஆள்தான் மறுவுலகக் காட்சி கண்டதாகவும் கல்வெட்டில் சொல்கிறார். அரசு கைக்கு வந்ததும் அந்தத் தரிசனம் ஆள்பவனின் தரிசனமாகிவிட்டது.

ஆழித்துரும்பு எழுதியது:

கார்திர் சரி, அதே நூற்றாண்டில் யூப்ரடிஸ் கரையில் டூரா யூரோப்போஸ் என்ற கோட்டை நகரமும் இருந்ததே. அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க ஓவியம், 244-245இல் முடித்தது, எசேக்கியேலின் எலும்புகள் உயிர்பெறும் காட்சி நீளமாக இருக்கிறது. 250களின் தொடக்கத்தில் பாரசீகர்கள் அங்கே வந்து, இந்த ஓவியத்தைப் பார்த்தோம் என்று நடுப்பாரசீக எழுத்தில், நாள், மாதம், ஆண்டு போட்டு அந்த ஓவியங்களின் மேலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். 256ஐ ஒட்டி சாசானியப் படை நகரத்தை அழித்தது. முற்றுகைக்குப் பயந்து மதிலைப் பலப்படுத்த மண்ணை நிரப்பியதால் கூடம் புதைந்து ஓவியங்கள் தப்பின, 1932இல் தோண்டி எடுத்தார்கள். இரண்டு மரபும் பேசிக்கொண்டன என்பதற்கு நான் முதலில் காட்டுவது அந்தச் சுவரைத்தான்.

எகிப்தியரையும் மறக்க வேண்டாம். குயவன் வாக்கு என்று ஒன்று உண்டு, அலெக்சாந்திரியா மீனவர் வலை காயப்போடும் இடமாகும் என்கிறது. கிரேக்க ஆட்சிக்கு எதிரான வாக்கு, ஆனால் கிடைத்திருப்பது கிரேக்க மொழியில்தான். கீழைக்காற்று சொன்ன அந்தத் துணிச்சலில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

புதுவாசகன் எழுதியது:

எல்லாம் சரி அண்ணா, ஆனால் ரோம் விழவில்லையே. லாக்டான்ஷியஸ் காலத்தில் அது நின்றுகொண்டுதானே இருந்தது. அப்படியிருக்க அவர் ஏன் இந்தப் பழைய வாக்கை எடுத்து எழுதினார்?

கீழைக்காற்று எழுதியது:

தம்பி, அவர் அதை எழுதும் விதத்தைப் பார்த்தால் புரியும். ரோம் என்ற பெயர் பூமியிலிருந்து எடுபடும், ஆட்சி ஆசியாவுக்குத் திரும்பும், கிழக்கு மறுபடி ஆளும், மேற்கு அடிமையாகும் என்று சொல்லும்போது நடுவில், சொல்ல நெஞ்சு நடுங்குகிறது, ஆனாலும் நடக்கப்போவதால் சொல்கிறேன் என்று எழுதுகிறார். ஹிஸ்டாஸ்பஸ் நூலை எழுதியவனுக்கு இது நற்செய்தி, அதே வாக்கியம் இவருக்குப் பயம். இவர் இலத்தீன்காரர், ரோமின் பிள்ளை. அந்த அரசு தன் சொந்த மக்களையே கொன்றுகொண்டிருந்தபோதும் அவருக்கு அது தன் அரசுதான். அதனால் பாகத்தின் கடைசிப் பகுதியில் எங்கே போய்ச் சேர்கிறார் என்றால், ரோம் நிற்கும்வரை உலக முடிவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, உலகத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த நகரம்தான், அதனால் அந்த நாள் தள்ளிப்போகக் கடவுளிடம் மன்றாடுவோம் என்கிறார். ரோம் ஒழிய வேண்டும் என்று கிழக்கில் யாரோ எழுதிய வாக்கு, ரோம் நிலைக்க வேண்டும் என்ற பிரார்த்தனைக்கு ஆதாரமாகிவிட்டது.

கொஞ்ச காலத்தில் கான்ஸ்டன்டைன் வந்தார், லாக்டான்ஷியஸ் அவர் மகன் கிறிஸ்பஸுக்கு ஆசிரியரானார். சிபில் தப்பித்துக்கொண்டாள், கிறிஸ்துவை முன்னறிவித்தவள் என்று அவளைத் திருச்சபை வைத்துக்கொண்டது, யூதர் எழுதிய பாகங்களும் அப்படித்தான் பிழைத்தன. ஹிஸ்டாஸ்பஸைப் படியெடுத்துக் காப்பாற்ற ஆள் இல்லாமல் போயிற்று. பாரசீகத்தில் அந்தக் கிரேக்க நூல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ரோமில் ரோமின் அழிவைச் சொல்லும் எதிரி நாட்டு அரசனின் நூல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.